லேபல் இல்லாத வன்னிச் சாப்பாட்டுக்குக் கலோரிக் கணக்குப் பார்ப்பது எப்படி?

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த அன்று கிளினிக்கில் சொன்னது ஒரே வரிதான்: "சாப்பாட்டைக் குறையுங்கோ அம்மா." எந்தச் சாப்பாட்டை, எவ்வளவு என்று யாரும் விளக்கவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து சோற்றைப் பாதியாக்கினார். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் சம்பலும் பழையபடியே இருந்தன. மூன்று மாதத்தில் நிறை ஒரு கிலோகூடக் குறையவில்லை, பசிதான் கூடியது. அதற்குப் பிறகுதான் நான் ஒரு தராசு வாங்கினேன்.

பிஸ்கட் பக்கெட்டில் கலோரி அச்சடித்திருக்கும். மென்பானப் போத்தலில் 2016 முதல் சீனிக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறக் குறியும் இருக்கிறது. ஆனால் கிளிநொச்சிச் சந்தையில் வாங்கும் மரவள்ளிக்கிழங்குக்கும், நந்திக்கடல் இறாலுக்கும், வீட்டில் அவிக்கும் புட்டுக்கும் லேபல் கிடையாது. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரு நாள் சாப்பாட்டில் முக்கால்வாசி இப்படிப்பட்டதுதான். அதனால் கணக்கே பார்க்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நமக்கு இது லேசு. கடைச் சாப்பாட்டுக்குள் என்ன போட்டார்கள் என்று தெரியாது. நம் சட்டிக்குள் என்ன போனது என்று நமக்குத் தெரியும். சட்டிக்குள் போவதை எழுதிவைத்தால் போதும், மிச்சம் பெருக்கலும் பிரித்தலும்தான்.

முதலில் தராசு. குசினிக்கென்று விற்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 5 கிலோ வரை நிறுப்பது, போதும். பாத்திரத்தை மேலே வைத்துவிட்டுப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் பட்டன் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தப் பட்டன் இருந்தால் ஒரே கோப்பைக்குள் மா, தேங்காய்ப்பூ, உப்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்துக்கொண்டே போகலாம். தராசு சரியா என்று பார்க்க, வெற்றுப் பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு அரை லீற்றர் தண்ணீரை ஊற்றுங்கள். 500 கிராமுக்குக் கிட்டக் காட்ட வேண்டும்.

தராசு வாங்க இப்போது வசதி இல்லையா? உங்கள் வீட்டுச் சுண்டையும் கரண்டியையும் தேங்காய்ப்பூ அள்ளும் கிண்ணத்தையும் ஒரு நாள் சங்கக்கடைக்குக் கொண்டுபோய், அரிசி ஒரு சுண்டு, மா ஒரு சுண்டு, சீனி பத்துக் கரண்டி என்று நிறுத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டுச் சுண்டில் குத்தரிசியைத் தலைதட்டினால் 240 கிராம். உங்கள் சுண்டு வேறு பேணியாக இருக்கலாம், அதனால் என் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம்.

அடுத்தது எண்கள். கலோரி என்று நாம் சொல்வது கிலோகலோரியைத்தான். மாச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4, கொழுப்பில் கிராமுக்கு 9. அமெரிக்க விஞ்ஞானி வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. உலகம் முழுவதும் லேபல்கள் இன்றைக்கும் இதை வைத்துத்தான் அச்சாகின்றன. தண்ணீருக்குக் கலோரி இல்லை. இந்த மூன்றும் விளங்கினால் எந்தப் பண்டத்தைப் பார்த்தாலும் ஒரு மதிப்புச் சொல்லலாம்: எண்ணெய்ப்பிடிப்பு கூடக் கூட எண் ஏறும், தண்ணீர் கூடக் கூட எண் இறங்கும்.

ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று மேலிருந்து கீழே இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் 9. கச்சானும் எள்ளும் 5.7. முழு ஆடைப் பால்மா 5. சீனி 4, பனங்கட்டி அதற்குச் சற்றுக் குறைவு. அரிசி, அரிசிமா, கோதுமைமா, உழுந்து, பயறு, பருப்பு எல்லாம் காய்ந்த நிலையில் ஏறத்தாழ 3.5, வறுத்த அரிசிமா 3.6. பச்சைத் தேங்காயைத் துருவிய பூவும் 3.5. பாண் 2.6. மரவள்ளி 1.6. தோலில்லாத கோழி, சமைக்குமுன் 1.2. குளத்துத் திலாப்பியா, இறால் எல்லாம் 1க்குக் கிட்ட. சாளை போன்ற கொழுப்பு மீன் 1.5 முதல் 2 வரை. எருமைப்பால் 1, பசுப்பால் 0.6. மாம்பழம் 0.6, வாழைப்பழம் 0.9. கத்தரிக்காய், வெண்டிக்காய், பூசணி, கீரை எல்லாம் 0.2 முதல் 0.4 வரை. ஒரு கோழிமுட்டை 70.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை இருக்கிறது. நம் பயறு, கீரை, மீன் பலவும் அதில் உண்டு. அதில் சக்தி கிலோஜூலில் கொடுக்கப்பட்டிருக்கிறது. 4.18ஆல் பிரித்தால்தான் கலோரி வரும். பிரிக்காமல் எழுதிவிட்டு நூறு கிராம் பயறுக்கு ஆயிரத்துக்கு மேல் கலோரி என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இப்போது அடுப்படிக்கு வருவோம். புட்டிலிருந்து தொடங்குவது நல்லது, அதில் போவது இரண்டே சாமான்.

கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி வறுத்த அரிசிமா 250 கிராம் போட்டேன். சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தேன். அதை நிறுக்கத் தேவையில்லை. பிறகு திரும்பப் பூச்சியமாக்கித் தேங்காய்ப்பூ போட்டால் 120 கிராம். நீத்துப்பெட்டியில் அவித்து இறக்கி, ஆவி கொஞ்சம் அடங்கவிட்டு மொத்தப் புட்டையும் நிறுத்தால் 580 கிராம். மா 250ஐ 3.6ஆல் பெருக்கினால் 900. தேங்காய்ப்பூ 120ஐ 3.5ஆல் பெருக்கினால் 420. கூட்டினால் 1,320. அதை 580ஆல் பிரித்தால் கிராமுக்கு 2.3 வரும். அம்மாவின் கோப்பையில் இருந்தது 200 கிராம், ஆகவே 460. இந்த 2.3 என்ற எண்ணைக் கொப்பியில் எழுதிவிட்டால் அடுத்தமுறை அதே அளவில் அவிக்கும்போது கோப்பையை மட்டும் நிறுத்தால் போதும்.

கவனித்தீர்களா, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு தேங்காய்ப்பூவிலிருந்து வந்தது. தேங்காய்ப்பூவைப் பாதியாக்கினால் அதே அளவு மாவில் 210 கலோரி குறைகிறது. மாவைக் குறைத்துப் பசியோடு இருக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

சோறும் இதே வழிதான். 240 கிராம் குத்தரிசி 840 கலோரி. வடித்த பிறகு 700 கிராம் சோறு வந்தால் கிராமுக்கு 1.2. குழைய வடித்தால் எண் குறையும், விறைப்பாக வடித்தால் கூடும். அதனால்தான் சமைத்ததை வைத்து மற்றவர்களின் எண்ணைக் கடன் வாங்குவதைவிட அரிசியை நிறுப்பது நம்பிக்கையானது. கஞ்சி வடிக்கும்போது கொஞ்சம் மாச்சத்துப் போகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மொட்டைக்கறுப்பன் மாதிரிச் சிவப்பரிசியில் கலோரி குறைவு என்று பலர் நம்புகிறார்கள். கலோரி ஏறத்தாழ ஒன்றுதான். தவிடு நீக்காத சிவப்பரிசியில் நார் கூட, வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், அது வேறு நன்மை. பழஞ்சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் முன்னமே சோற்றை நிறுத்துவிடுங்கள். விடிய வயலுக்குப் போகும்போது சட்டியில் நிறை கூடியிருக்கும், கலோரி கூடியிருக்காது.

இனிக் கறி. கணக்குத் தொடங்கும் எல்லாரும் தவறுவது இங்கேதான், நானும் தவறினேன். கத்தரிக்காய் என்று எழுதி நூறு கலோரியோடு விட்டுவிட்டேன். ஒருநாள் எண்ணெயை நிறுத்துப் பார்த்தேன். அரைக்கிலோ கத்தரிக்காய், அதுவே 125 கலோரிதான். தாச்சியில் எண்ணெய் விடுமுன் எண்ணெய்ப் போத்தலை நிறுத்தேன். பொரித்து முடிந்ததும் தாச்சியில் மிஞ்சியதை ஆறவைத்து, வடித்து, அதே போத்தலுக்குள் ஊற்றித் திரும்ப நிறுத்தேன். 100 கிராம் குறைந்திருந்தது. 900 கலோரி! கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும் என்று அம்மா எப்போதும் சொல்வார்; எவ்வளவு குடிக்கிறது என்று அன்றைக்குத்தான் இரண்டு பேரும் பார்த்தோம். அம்மா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். "உந்தளவும் நான் தின்டனானே பிள்ளை?" என்று கேட்டார்.

ஆகவே பொரிக்கும் எதற்கும் முன்னும் பின்னும் எண்ணெயை நிறுக்க வேண்டும். தாளிதத்துக்கு ஊற்றுவதை ஒருமுறை மேசைக்கரண்டியால் அளந்து பாருங்கள். தட்டையான ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கையால் சாய்த்து ஊற்றும்போது இரண்டு, மூன்று கரண்டி போய்விடும். இப்போது நாங்கள் கத்தரிக்காயை மெல்லிய துண்டாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, இரண்டு கரண்டி எண்ணெயில் மூடி வதக்குகிறோம். ருசி ஒன்றாக இல்லை, அதை மறைக்க மாட்டேன். பொரித்த குழம்பு மாதத்தில் ஒருநாள் வைக்கிறோம், அன்றைக்கு முழு எண்ணெயோடு.

தேங்காய்ப்பாலுக்கு ஒரு குறுக்குவழி. ஒரு கறிக்குத் துருவிய பூவை நிறுங்கள், 3.5ஆல் பெருக்குங்கள். கையால் பிழியும்போது எல்லாக் கொழுப்பும் வந்துவிடாது, சக்கையில் தங்கும். நான் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எழுதுகிறேன். 150 கிராம் பூ என்றால் 525, அதில் 350. முதல்பால், இரண்டாம்பால் என்று தனித்தனியே மண்டையைக் குழப்ப வேண்டாம், இரண்டும் ஒரே சட்டிக்குள்தானே போகின்றன. சம்பலுக்கு அந்தத் தள்ளுபடி இல்லை, பூ முழுவதும் வயிற்றுக்குள் போகிறது.

ஒடியல் கூழ் மாதிரிப் பெரிய பானைச் சாப்பாட்டைத் தராசில் ஏற்ற முடியாது. அதற்கு அகப்பைக் கணக்கு. மீன், இறால், நண்டுச் சதை, மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, ஒடியல்மா என்று உள்ளே போவதை எல்லாம் போடும்போதே நிறுத்து எழுதிக் கூட்டுங்கள். பரிமாறும்போது மொத்தம் எத்தனை அகப்பை வந்தது என்று எண்ணிப் பிரியுங்கள். பானையின் அடியில் கட்டியாகத் தங்காமல் நன்றாகக் கலக்கிவிட்டு அள்ள வேண்டும்.

மீனுக்கும் கோழிக்கும் முள், எலும்பு இருக்கிறது. முழுத் திலாப்பியாவை நிறுத்து எழுதினால் தலையையும் முள்ளையும் சாப்பிட்டதாகக் கணக்கு வரும். துண்டை நிறுத்துப் போடுங்கள், சாப்பிட்ட பிறகு கோப்பையில் மிஞ்சிய முள்ளை நிறுத்துக் கழியுங்கள். நாலைந்து முறை செய்தால் கை பழகிவிடும். வாழைப்பழத் தோலும் மாங்கொட்டையும் இதே மாதிரித்தான்.

முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமல் ஏ9 வீதியில் யாரும் போவதில்லை. கோதோடு 100 கிராம் வாங்கினால் ஏறத்தாழ 30 கிராம் கோது. மிச்சம் 70 கிராம் பருப்பு, 400 கலோரி. பஸ் மாங்குளத்தைத் தாண்டுமுன் பை முடிந்துவிடும், ஒரு நேரச் சோற்றுக்குச் சமம். கச்சான் நல்ல சாப்பாடு, புரதமும் நல்ல கொழுப்பும் உள்ளது. விட்டுவிடச் சொல்லவில்லை, நாளின் கணக்கில் அதையும் எழுதுங்கள் என்கிறேன்.

குடிப்பதை எழுத எல்லாரும் மறக்கிறார்கள். தேக்கரண்டியில் சீனியைத் தலைதட்டினால் 4 கிராம், குவித்து அள்ளினால் 7 கிராம் வரும். நம் வீடுகளில் தலைதட்டுகிறவர் யார்? பால்தேநீர் ஒன்றுக்குச் சீனி 18 கிராம், பால்மா 15 கிராம் என்றால் 72ஐயும் 75ஐயும் கூட்டி 150க்குக் கிட்ட. வயலில் நிற்கும் நாளில் ஐந்து குடித்தால் 750. வெறும் தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்தால் அந்தத் துண்டையும் நிறுங்கள். பனங்கட்டி என்பதற்காகக் கலோரி குறையாது, சீனி வருத்தக்காரருக்கு அது மருந்தும் அல்ல.

கடைச் சாப்பாட்டுக்கு வழி, பிரித்துப் பார்ப்பது. பாண் லேசு: ஒரு றாத்தல் 450 கிராம், 1,200 கலோரிக்குக் கிட்ட; கால் றாத்தல் 300. கொத்துறொட்டிப் பார்சல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். மொத்தம் 500 கிராம். றொட்டித் துண்டு 250 கிராம், கிராமுக்கு 3 என்று வைத்து 750. கோழி 60 கிராம், எலும்பு நீக்கியது, 100க்கு மேல். ஒரு முட்டை 70. மரக்கறி 30. எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடதாசியில் ஊறியிருந்ததையும் றொட்டியின் மினுக்கத்தையும் பார்த்து இரண்டு மேசைக்கரண்டி என்று 240. மொத்தம் 1,200. கடைச் சாப்பாட்டில் எண்ணெய் தெரியாவிட்டால் கூட்டியே மதியுங்கள், குறைத்து மதித்தால் நம்மை நாமே ஏமாற்றுவதாகும். கொண்டாட்ட வீட்டில் தராசோடு போய் நிற்க வேண்டாம். வீட்டில் நிறுத்துப் பழகிய கண் அங்கே உதவும்: உங்கள் கையால் ஒரு பிடி சோறு எத்தனை கிராம் என்று வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அட்டவணையிலும் கைக்குக் கிடைக்காத பண்டங்களும் நமக்கு உண்டு. பனங்கிழங்கை எடுங்கள். சக்தி காய்ந்த பகுதியில்தான் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. நம் ஆட்கள் அதைக் காயவைத்துப் புழுக்கொடியல் செய்கிறார்கள். ஆகவே அவித்துத் தோலும் தும்பும் நீக்கிய கிழங்கு ஒரு கிலோவை நிறுத்து வெயிலில் போடுங்கள். முறிக்கும்போது டக்கென்று உடையும் வரைக்கும் காயவைத்துத் திரும்ப நிறுங்கள். 400 கிராம் வந்தால், நார் கூட என்பதால் கிராமுக்கு 3.3 என்று வைத்து, 1,320. அப்படியென்றால் அவித்த கிழங்கு 100 கிராமுக்கு 130. காயவைக்கக்கூடிய எந்தக் கிழங்குக்கும் இந்த வழி பொருந்தும். பாலைப்பழத்துக்கு நான் வாழைப்பழத்தின் எண்ணைக் கடன் வாங்குகிறேன். தித்திப்பும் பிசுபிசுப்பும் உள்ள பழத்துக்கு மாம்பழ எண்ணை எடுத்தால் குறைந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் பத்து, இருபது வீதம் பிழை இருக்கும். அது பரவாயில்லை, ஏனென்றால் சரிபார்க்க இன்னொரு தராசு இருக்கிறது. கிழமைக்கு ஒருநாள், விடிய, சாப்பிடுமுன், உங்கள் நிறையைப் பாருங்கள். மூன்று கிழமை நிறை மாறாமல் நின்றால், உங்கள் கொப்பி சொல்லும் நாளாந்த எண்தான் உங்கள் உடம்பு செலவழிக்கும் எண். உண்மையில் அது 1,900 ஆக இருந்து நீங்கள் 1,700 என்று எழுதியிருந்தாலும் குற்றமில்லை. ஒரே மாதிரி அளந்துகொண்டு அதிலிருந்து 200, 300 குறைத்தால் நிறை இறங்கத் தொடங்கும். அளக்கும் முறையை அடிக்கடி மாற்றினால்தான் கணக்குக் கெடும்.

மெலிந்த பிள்ளைக்கும், வருத்தத்திலிருந்து எழும்பியவருக்கும் இதே கணக்கு மறுபக்கம் உதவும். சின்ன வயிறு இரண்டு கோப்பை சோற்றைக் கொள்ளாது. உழுத்தங்களியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் கோப்பையின் அளவு மாறாமல் 240 கலோரி கூடுகிறது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நம் அம்மம்மாமார் அதைக் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களும் குளிசை எடுக்கிறவர்களும் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வேர்வை, நடுக்கம், தலைச்சுற்று வந்தால் உடனே சீனித்தண்ணீர் குடிக்க வேண்டும். கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டிவிட்டு, மருந்தின் அளவையும் கேட்டுக்கொண்டு குறையுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நிறை குறைக்க இதைச் செய்யக்கூடாது.

இன்னொரு விஷயம், எங்கள் ஊர்களுக்கே உரியது. யுத்த காலத்தில் பேணியில் அளந்து கிடைத்த கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஆட்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களின் கோப்பையைத் தராசில் வைப்பது அவர்களுக்கு நோகும். "சோத்தையும் நிறுத்துத் தரப் போறியே பிள்ளை?" என்று அம்மா முதல்நாள் கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அதனால் அம்மாவின் கோப்பையை அவருக்கு முன்னால் நிறுப்பதை விட்டுவிட்டேன். சமைக்கும்போது மட்டும், சட்டிக்குப் போகுமுன், அரிசியையும் பூவையும் எண்ணெயையும் நிறுக்கிறோம். பரிமாறும் அகப்பையின் அளவு எனக்குத் தெரியும். அம்மா முந்திய மாதிரி வயிறாரச் சாப்பிடுகிறார். எண்ணெயும் தேங்காயும்தான் குறைந்தன, சோறு திரும்ப வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் நிறை நாலு கிலோ இறங்கியது.

எண்கள் எழுதிய மட்டை இப்போது குசினிக் கதவின் பின்னால் தொங்குகிறது. புட்டுக்கு நேரே 2.3 என்று நான் எழுதியதை அம்மா போன கிழமை வெட்டிவிட்டு, பென்சிலால் 2.2 என்று போட்டிருந்தார். தேங்காய் சின்னது, பூ 75 கிராம்தான் வந்ததாம்.